மீன்தொட்டிக்கு கேனிஸ்டர் ஃபில்டர் – என் அனுபவம்



போன வாரம் எங்கள் வீட்டு மீன்தொட்டியின் படத்தைப் போட்டிருந்தேன். "என்ன ஃபில்டர் சார்? எவ்வளவு பெரிசு வாங்கணும்? நாமளே மாட்டிக்கலாமா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். சுருக்கமாகப் பதில் எழுதிப் பார்த்தேன். சரியாக வரவில்லை. நான் செய்த தவற்றைச் சொல்லாமல் ஃபில்டரைப் பற்றி மட்டும் சொன்னால் அது பாதிப் பாடம்தான். அதனால் இந்த நீண்ட பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள். அவசரக்காரர்கள் நடுவில் எண் போட்டு எழுதியிருப்பதை மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

தொட்டி என்னுடையது அல்ல, மகனுடையது. 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். அதில் இரண்டு ஆஸ்கார் மீன்கள், ஐந்தாறு சில்வர் டாலர், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே இருக்கும் ஒரு டேங்க் கிளீனர். 2024 ஜனவரியில் மகனுக்குப் புனேவுக்கு மாற்றல் வந்தது. மருமகளும் பேரனும் உடன் போனார்கள். அரை டன் தண்ணீரை யார் தூக்கிக்கொண்டு போவது? தொட்டி திண்டிவனத்தில் எங்களோடு தங்கிவிட்டது.

பேரனுக்கு அப்போது ஒன்பது வயது. ஆஸ்கார் இரண்டுக்கும் ராஜா, ராணி என்று பெயர் வைத்தவன் அவன். எது ஆண், எது பெண் என்று யாருக்கும் தெரியாது. ராணி கொஞ்சம் சிறியது, நெற்றியில் ஆரஞ்சுப் புள்ளி இருக்கும். கிளம்புகிற அன்று அவன் என்னிடம் சொன்னது இதுதான்: "தாத்தா, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல காட்டணும். ரெண்டையும் காட்டணும்."

நான்கு மாதம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மே மாதம் தொட்டியில் தண்ணீர் விழும் வேகம் குறைந்துவிட்டது. கீழே அலமாரிக்குள் இருக்கும் கேனிஸ்டர் ஃபில்டரைத் திறந்தேன். உள்ளே கறுப்புச் சேறு. எனக்குச் சின்ன வயதிலிருந்தே அழுக்கு என்றால் ஆகாது. பள்ளிக்கூடத்திலும் முதல் பத்து நிமிடம் குப்பை பொறுக்க வைத்துவிட்டுத்தான் பாடம் தொடங்குவேன். ஸ்பான்ஜ், செராமிக் வளையங்கள், எல்லாவற்றையும் துணி துவைக்கும் கல்லுக்குக் கொண்டுபோய், நகராட்சிக் குழாயைத் திறந்துவிட்டு, பிரஷ் போட்டுத் தேய்த்தேன். அதோடு விட்டேனா? மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து, வடகம் காயவைப்பது போல ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவைத்தேன். மறுநாள் மாட்டினேன். தண்ணீர் அருவி மாதிரி கொட்டியது. வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் தண்ணீர் பால் கலந்தது போல மங்கியது. நான்காம் நாள் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசிக்கிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் இரை போட்டேன். ஐந்தாம் நாள் காலை ராணி ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது.

இனி நான் சொல்லப் போவது எனக்கே வெட்கமான விஷயம். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வாங்கி 1986-ல் வேலைக்குச் சேர்ந்தேன். 2018-ல் ஓய்வு பெற்றேன். 32 ஆண்டுகளில் நைட்ரஜன் சுழற்சியை எத்தனை முறை கரும்பலகையில் வரைந்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அம்மோனியா, அங்கிருந்து ஓர் அம்புக்குறி, நைட்ரைட், இன்னோர் அம்புக்குறி, நைட்ரேட். அம்புக்குறிக்கு மேலே பாக்டீரியாவின் பெயர். அந்தப் பெயரில் ஓர் எழுத்து தப்பாக எழுதினால்கூட மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறேன். அந்தப் பாக்டீரியாதான் என் கையிலிருந்த செராமிக் வளையத்தில் வழவழவென்று ஒட்டியிருந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

மீனின் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் அம்மோனியா வருகிறது. அது மீனுக்கே விஷம். ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது, வாராவாரம் தண்ணீர் மாற்றினால் குறைந்துவிடும். இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றுதான் நான் சொல்லிக்கொடுத்தேன். மீன்தொட்டிகளில் அதைப் பெரும்பாலும் செய்வது நைட்ரோஸ்பைரா என்ற வேறொரு வகை என்று பிற்பாடு ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பெயர் எதுவானாலும், இவை வளர்ந்து நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரும் மே மாத வெயிலும் சேர்ந்து ஒரே நாளில் முடித்துவிட்டன.

ராணியைத் தென்னைமரத்தடியில் புதைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பேரன் கூப்பிட்டான்.

"ராணி எங்க தாத்தா?"

"கல்லுக்குப் பின்னாடி தூங்குதுடா."

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறும் அதே கேள்வி. இந்த முறை யோசித்தே சொன்னேன், அதே பதிலை. மூன்றாம் ஞாயிறு அவனே கேட்டான்: "ராணி எப்பப் பாத்தாலும் தூங்குதே, உடம்பு சரியில்லையா?" போனை வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன்.

அதே மாதிரி புள்ளியுள்ள இன்னோர் ஆஸ்காரை வாங்கி விட்டுவிடலாம் என்று வீட்டில் முடிவு செய்தோம். வண்ண மீன் என்றால் சென்னையில் கொளத்தூர். தெருத்தெருவாகக் கடைகள். ராணியின் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு கடைகடையாக ஏறி இறங்கினேன். நாலாவது கடையில் இருந்த தம்பிக்கு முப்பது வயது இருக்கும். படத்தைப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி கிடைக்கும் சார். பழசு எப்படிச் செத்துச்சு?" என்றார். சொன்னேன். வெயிலில் காயவைத்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப அதே ஃபில்டர்தான் ஓடுதா?"

"ஆமாம்ப்பா."

"அப்ப இதுவும் செத்துடும் சார். மீன் இப்ப வேணாம். இருக்கிறதைக் காப்பாத்துங்க. ஃபில்டரைப் பாருங்க."

விற்கவேண்டிய மீனை விற்காமல் அந்தத் தம்பி எனக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். பத்தாம் வகுப்போடு நின்றவராம். நான் பாக்கெட் டைரியில் குறிப்பெடுத்துக்கொண்டேன். அன்று கேட்டது, பிறகு நானே செய்து பார்த்துத் தெரிந்துகொண்டது, இரண்டையும் கீழே தருகிறேன்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை:

1. முதலில் தொட்டியின் கொள்ளளவு. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர். எங்கள் தொட்டி 152 × 61 × 61, சுமார் 565 லிட்டர். மேலே விடும் இடைவெளி, கல், மணல் எல்லாம் கழித்தால் உண்மையான தண்ணீர் 480 லிட்டர்.

2. பொதுவாக ஒரு மணி நேரத்தில் தொட்டித் தண்ணீர் முழுவதும் நான்கு முதல் ஆறு முறை ஃபில்டர் வழியாகப் போய் வர வேண்டும் என்பார்கள். ஆஸ்கார், கோல்டுஃபிஷ் மாதிரி நிறையத் தின்று நிறையக் கழிக்கும் மீன்களுக்கு இன்னும் கூடுதலாக இருந்தால் நல்லது.

3. பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். அது உள்ளே ஒன்றும் வைக்காமல், உயரத்துக்கு ஏற்றாமல் மோட்டார் தள்ளும் அளவு. ஸ்பான்ஜும் வளையமும் அடைத்து, கீழிருந்து நாலடி மேலே ஏற்றும்போது பாதியோ, கொஞ்சம் கூடவோதான் வரும். நான் அளந்தே பார்த்தேன். வெளிவரும் குழாயின் வாயைத் தொட்டி விளிம்பின் உயரத்திலேயே பிடித்துக்கொண்டு, 20 லிட்டர் வாளி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தில் பார்த்தேன். குழாயைத் தரைவரை தாழ்த்தினால் வேகம் கூடிவிடும், கணக்கு தப்பும். பழைய ஃபில்டரில் 1000 லிட்டர் என்று போட்டிருந்தது. வாளி நிரம்ப 2 நிமிடம். அதாவது மணிக்கு 600 லிட்டர்தான். எங்கள் தொட்டிக்கு ஒரு மணிக்கு ஒன்றேகால் சுற்று! கழுவுவதற்கு முன்பும் அது தள்ளாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

4. பெரிய தொட்டிக்கு ஒரே பெரிய ஃபில்டரைவிட இரண்டு ஃபில்டர் நல்லது. ஒன்று நின்றாலும் மற்றொன்று ஓடும். ஒன்றைக் கழுவும்போது மற்றொன்றில் பாக்டீரியா பத்திரமாக இருக்கும். எனக்கு இந்த ஒரு விஷயம் முன்பே தெரிந்திருந்தால் ராணி இருந்திருக்கும்.

5. எந்த கம்பெனி? கேனிஸ்டர் ஃபில்டரில் பழைய கை ஜெர்மனியின் எஹெய்ம். 1960களிலிருந்தே செய்கிறார்கள், விலையும் அதற்கேற்ப. சீனத் தயாரிப்புகள் நம் பென்ஷனுக்குக் கட்டுப்படியாகும். நீங்கள் எதை வாங்கினாலும் ஓ-ரிங், இம்பெல்லர் இரண்டும் பிறகு உதிரியாகக் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள். முதலில் போவது அவைதான்.

2000 லிட்டர் என்று போட்ட ஒன்றை ஏழாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கினேன். வீட்டில் வாளி வைத்து அளந்தபோது ஒரு நிமிடத்தில் நிரம்பியது. மணிக்கு 1200. பழையதையும் சேர்த்தால் 1800 லிட்டர், ஏறக்குறைய நாலு சுற்று. ஆஸ்காருக்கு இது குறைந்தபட்சம்தான். அதனால் ஏர் பம்பில் ஓடும் ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டரும் போட்டேன். வாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் மாற்றுகிறேன்.

கிளம்பும்போது அந்தத் தம்பி, கடையில் ஓடிக்கொண்டிருந்த ஃபில்டரிலிருந்து ஒரு பை அழுக்கு வளையங்களை எடுத்து, தொட்டித் தண்ணீரோடு பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொடுத்தார். தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரி. "காய விட்டுடாதீங்க சார்" என்று இரண்டு முறை சொன்னார். திண்டிவனம் வரும்வரை நான்கு மணி நேரம் அந்தக் கவரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் என்னவென்று கேட்டார். பாக்டீரியா என்றேன். எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டார். (இப்படி வாங்கும்போது, நோய் வராத, நம்பிக்கையான தொட்டியிலிருந்து மட்டும் வாங்குங்கள். வளையத்தோடு நோயும் வரும்.)

மாட்டும் முறை:

1. கேனிஸ்டர் தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். தண்ணீர் தானாகக் கீழே இறங்கும், மோட்டார் அதை மேலே தள்ளும். தொட்டிக்கு மேலேயோ சம உயரத்திலோ வைத்தால் வேலை செய்யாது.

2. உள்ளே அடுக்கும் வரிசை. உங்கள் மாடலில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து நுழைகிறது என்று முதலில் பாருங்கள். பலவற்றில் தண்ணீர் அடிவரை போய், கூடைகள் வழியாக மேலே ஏறும். அப்படியானால் அடியில் பெரிய துளை ஸ்பான்ஜ், அடுத்து சின்னத் துளை ஸ்பான்ஜ், அதற்கு மேல் செராமிக் வளையங்கள், உச்சியில் வெள்ளைப் பஞ்சு. வளையங்களை முதலில் வைத்தால் மீன்கழிவு அவற்றை அடைத்துவிடும். கார்பன் எப்போதும் தேவையில்லை. மருந்து போட்ட பின் அதை நீக்க வேண்டுமானால் சில வாரம் வைக்கலாம்.

3. புதிய வளையங்களைக் குழாய்த் தண்ணீரில் தூசு போக அலசலாம். அவற்றில் இன்னும் உயிர் ஒன்றும் இல்லை.

4. குழாயைத் தேவையான நீளத்துக்கு வெட்டுங்கள். மடங்கி, தொங்கிக் கிடந்தால் ஓட்டம் குறையும், காற்று தங்கும். முனை ஏறவில்லை என்றால் வெந்நீரில் ஒரு நிமிடம் வையுங்கள், இளகிவிடும்.

5. மூடியின் ஓ-ரிங்கையும் அது உட்காரும் பள்ளத்தையும் விரலால் தடவிப் பார்த்துத் துடையுங்கள். சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவுங்கள். வாஸ்லின் கூடாது, ரப்பர் உப்பிவிடும். நான் முதல் நாள் ஒரே ஒரு மணல் பொடியைக் கவனிக்காமல் மூடிவிட்டேன். விடியற்காலை நாலு மணிக்கு வீட்டுக்காரம்மா கூடத்தில் கால் வைத்துவிட்டு, "என்னங்க, வீட்டுக்குள்ளயே ஏரி வெட்டிட்டீங்களா?" என்றார். அன்றிலிருந்து இரண்டு கேனிஸ்டரும் பிளாஸ்டிக் டப்புக்குள்தான் நிற்கின்றன. உறிஞ்சும் குழாயின் வாய் தொட்டியின் அடித்தரையைத் தொட வேண்டாம். கசிந்தாலும் அந்த வாயின் மட்டத்தோடு நிற்கும், மீனுக்குக் கொஞ்சமாவது தண்ணீர் மிஞ்சும்.

6. ஓடவிடும் முன் கேனிஸ்டரில் தண்ணீரை நிரப்பி மூடுங்கள். பிறகு வால்வுகளைத் திறந்து, மேலே உள்ள பிரைமரை அழுத்தி, தண்ணீர் இறங்கி நின்ற பிறகே சுவிட்ச் போடுங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே காற்று இருக்கிறது. கேனிஸ்டரை மெல்லச் சாய்த்துச் சாய்த்து ஆட்டுங்கள், குமிழியாக வெளியேறும்.

7. தண்ணீர் உறிஞ்சும் முனை ஒரு கோடியிலும், கொட்டும் முனை மறு கோடியிலும் இருக்கட்டும். மேற்பரப்பு அலையாட வேண்டும், அங்கேதான் ஆக்சிஜன் கரைகிறது.

8. மின்வயர் பிளக்குக்கு வரும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறட்டும். வயரில் வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

புது ஃபில்டரை மாட்டிய கையோடு பழையதைக் கழற்றிவிடக் கூடாது. ஆறு வாரமாவது இரண்டும் சேர்ந்து ஓட வேண்டும். அந்த ஆறு வாரமும் குறைவாக இரை, ஆன்டி-குளோரின் கலந்த தண்ணீரால் அடிக்கடி நீர் மாற்றம், அம்மோனியா சோதனை என்று ஓடியது. ராஜா பிழைத்துக்கொண்டது. இரண்டு சில்வர் டாலர் போய்விட்டன.

கொளத்தூரிலிருந்து திரும்பிய அந்த ஞாயிற்றுக்கிழமையே பேரனிடம் உண்மையைச் சொன்னேன். ராணி செத்துப்போய்விட்டது, நான் கழுவியதால் செத்தது, மூன்று வாரம் உன்னிடம் பொய் சொன்னேன், மூன்றையும் சொன்னேன். அவன் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாத்தையும் ஏன் தாத்தா ஒரே நாள்ல கழுவின?" என்றான். ஒரு தாளில் அம்மோனியா, அம்புக்குறி, நைட்ரைட், அம்புக்குறி, நைட்ரேட் என்று வரைந்து கேமராவுக்கு நேராகக் காட்டினேன். "பாக்டீரியா கெட்டதுதானே?" என்றான். இல்லை என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டான். ஆனால் அடுத்த ஞாயிறு போனுக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மருமகள்தான், "விளையாடப் போயிட்டான் மாமா" என்றார். அதுவும் எனக்குச் சொல்லப்பட்ட பொய்தான் என்று தெரிந்தது. கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எங்கள் விழுப்புரம் மாவட்டம் வெள்ளக்காடானது உங்களுக்கு நினைவிருக்கும். கரண்ட் போனது. இன்வெர்ட்டரில் இரண்டு ஃபில்டரையும் ஒரு விளக்கையும் மட்டும் விட்டோம். மறுநாள் ராத்திரியோடு அதுவும் தீர்ந்தது. ஃபில்டர் நின்றால் மூடிய கேனிஸ்டருக்குள் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாக ஆரம்பிக்கும். அந்தக் கெட்ட நீரோடு மறுபடி ஓடவிட்டால் அவ்வளவும் தொட்டிக்குள் கொட்டும். எனவே திறந்து, வளையங்களைத் தொட்டித் தண்ணீர் ஊற்றிய அகலமான டப்பில் போட்டோம். பேட்டரி ஏர் பம்பை ஸ்பான்ஜ் ஃபில்டரில் மாட்டினோம். இரை நிறுத்தம். நானும் வீட்டுக்காரம்மாவும் மாறி மாறி, தொட்டித் தண்ணீரைச் சொம்பில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம், டப்பிலும்தான். மூன்றாம் நாள் மின்சாரம் வந்தது. கேனிஸ்டரில் மிஞ்சியிருந்த நாற்றத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வளையங்களை அடுக்கி ஓடவிட்டேன்.

சிக்னல் வந்ததும் முதலில் வந்தது பேரனின் அழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. "ராஜா இருக்கா தாத்தா? உண்மையைச் சொல்லு." போனைத் தொட்டிக்கு நேராகப் பிடித்தேன். ராஜா கண்ணாடியை ஒட்டி வந்து நின்றது. அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை.

இப்போது எங்கள் வழக்கம் இது: ஒரு மாதம் ஒரு ஃபில்டர், அடுத்த மாதம் இன்னொன்று. ஒருபோதும் இரண்டும் சேர்ந்து இல்லை. வாரத் தண்ணீர் மாற்றும்போது எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே ஸ்பான்ஜைப் பிழிவோம். வளையங்களை ஒரு முக்கு முக்கி எடுப்போம், அவ்வளவுதான். வெள்ளைப் பஞ்சை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது.

'எடுப்போம்' என்று பன்மையில் எழுதியதற்குக் காரணம் உண்டு. கோடை விடுமுறைக்கு வந்த பேரன் என்னோடு உட்கார்ந்து கேனிஸ்டரைத் திறந்தான். அந்த வழவழப்பைத் தொட்டுப் பார்த்து, "இதுதானா அது?" என்றான். பிறகு இரண்டு துண்டு காகித டேப் கிழித்து, ஒவ்வொரு கேனிஸ்டரிலும் ஒட்டி, 1, 2 என்று எண் போட்டான். எந்த எண் எந்த மாதம் என்று கீழே எழுதினான். ஊருக்குக் கிளம்பும் முன் இன்னொரு டேப்பும் ஒட்டியிருக்கிறான், ரயில் போன பிறகுதான் பார்த்தேன். "தாத்தா, பைப் தண்ணி வேண்டாம்" என்று எழுதியிருந்தது.

டேப் ஈரத்தில் ஓரம் கிளம்புகிறது. மேலே செல்லோடேப் ஒட்டிப் பாதுகாத்து வைத்திருக்கிறேன்.

தொட்டி வைக்கப் போகிறவர்கள் தாராளமாகக் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததற்குக் கொளத்தூர்த் தம்பி இருக்கிறார்.